பல் கம்பி அணிந்த பிள்ளைகளுக்குச் செட்டிநாட்டு வீட்டில் உணவும் பல் பராமரிப்பும்

பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளையிடம் சீப்புச்சீடை, கைமுறுக்கு ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். கடினமான பலகாரத்தைக் கடிக்கும்போது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு பிடிப்பான பிராக்கெட் பெயர்ந்துவிட்டால், சிகிச்சைக் காலமும் நீளும். இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் தாராளமாகத் தரலாம். கும்மாயம் மென்மையானதுதான் என்றாலும், அதன் கருப்பட்டி இனிப்பு கம்பியின் இடுக்கில் தங்கிவிடும் என்பதால், இடைவேளைத் தின்பண்டமாக அல்லாமல் உணவோடு சேர்த்துக் கொடுத்து, உடனே நீரால் நன்கு கொப்பளிக்கச் செய்யுங்கள். ஆப்பிள், கொய்யா போன்றவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள்.

துலக்குவதில்தான் மிகுந்த கவனம் தேவை. ஃபுளோரைடு பற்பசையை மென்மையான பிரஷ்ஷில் இட்டு, கம்பிக்கு மேலிருந்து கீழ்நோக்கியும், கீழிருந்து மேல்நோக்கியும் சாய்த்துப் பிடித்து, ஈறோரம் வரை காலையிலும் இரவிலும் குறைந்தது 2 நிமிடம் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில், பல் இடுக்குகளுக்கான சிறிய இடைப்பல் பிரஷ்ஷைச் செலுத்துவதும் அவசியம். அழுக்குப் படிவதை அப்படியே விட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெண்புள்ளிகள் தோன்றும். கம்பியைக் கழற்றிய பிறகும் அவை எளிதில் மறைவதில்லை. ஆகவே, இரவில் பிள்ளை துலக்கியபின் பெற்றோர் விளக்கொளியில் ஒருமுறை பார்ப்பதே நல்லது. கம்பி முனை கன்னத்தில் குத்தினால், மருத்துவர் தந்த மெழுகை அதன்மேல் ஒட்டிவிட்டு அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.