'இன்டென்ஸ்': ஒரு ரப்பர் பேண்டை வைத்துக் கற்றுக்கொள்ளலாம்

ஆங்கிலத்தில் 'இன்டென்ஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்டென்சிவ்' என்று நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பல வருடம். அகராதி இரண்டுக்குமே 'தீவிரமான' என்று போட்டுவிட்டால் என்ன செய்வது? வேரைப் பிடித்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

படி 1: இழுத்துப் பாருங்கள்

ஒரு ரப்பர் பேண்டைக் கட்டைவிரலில் மாட்டி இழுங்கள். தொளதொளவென்று இருக்கும்போது சுண்டினால் சத்தமே வராது. இழுக்க இழுக்க மெலியும், இறுகும். இப்போது சுண்டினால் 'விண்' என்று அதிரும். அந்த விறைப்புதான் இன்டென்ஸ். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறோமே, அந்த வலியை ஆங்கிலத்தில் 'இன்டென்ஸ் பெயின்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

படி 2: சொல்லைப் பிரியுங்கள்

லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழு, நீட்டு. முன்னால் உள்ள 'இன்' ஒன்றை நோக்கி என்பதைக் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்து பிறந்த 'இன்டென்சுஸ்', இழுத்து இறுக்கப்பட்டது என்று பொருள்படும். அது பிரெஞ்சு வழியாக 1400 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. 'இன்கரெக்ட்' என்பதில் வரும் 'இன்' மறுப்பைக் குறிக்கும். அதே கணக்கை இங்கே போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

படி 3: சொந்தக்காரர்களைத் தேடுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். துணியை இழுத்துக் கட்டினால் 'டென்ட்'. வெளிப்பக்கமாக நீட்டினால் 'எக்ஸ்டெண்ட்'. மனதை ஒன்றை நோக்கி நீட்டினால் 'அட்டெண்ட்'. 'டென்ஷன்' பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்புறம், நம் 'தந்தி'யும் இந்தக் குடும்பம்தான்! இழுத்துக் கட்டிய கம்பியைக் குறிக்கும் அந்த வடசொல்லுக்கும் 'டெண்டெரே'வுக்கும் ஆதி வேர் ஒன்றே.

நெருங்கிய உறவு 'இன்டெண்ட்'. இன்று அதற்கு 'எண்ணு, கருது' என்று பொருள். நியூட்டன் காலத்தில் 'தீவிரமாக்கு' என்ற பொருளும் அதற்கு இருந்தது. பிறகு அந்தப் பொருள் தேய்ந்துபோனது. 1817இல் கவிஞர் கோல்ரிட்ஜ் அதே பொருளில் 'இன்டென்சிஃபை' என்ற சொல்லைக் கையாண்டு, இது ஜான்சனின் அகராதியில் (அந்நாளில் பெயர்பெற்ற ஆங்கில அகராதி) இல்லை என்று தெரியும், 'இன்டெண்ட்' வேறு பொருளுக்குப் போய்விட்டதால் வேறு வழியில்லை என்று அடிக்குறிப்பே போட்டார். புதுச் சொல்லுக்கு இவ்வளவு பணிவாக விளக்கம் சொன்னவர்கள் குறைவு.

படி 4: 'இன்டென்சிவ்'வைத் தனியே வையுங்கள்

ரப்பர் பேண்டின் இறுக்கம் இன்டென்ஸ். இழுக்கும் கையின் உழைப்பு இன்டென்சிவ். வெப்பம், வலி, பார்வை, போட்டி, கோபம் ஆகியவை தாமே இறுகி நிற்பவை, அதனால் இன்டென்ஸ். பயிற்சி, சிகிச்சை, தேடுதல் போன்றவை குறுகிய நேரத்தில் உழைப்பைக் குவித்து ஒருவர் செய்பவை; அதனால் இன்டென்சிவ். தீவிர சிகிச்சைப் பிரிவு ஆங்கிலத்தில் 'இன்டென்சிவ் கேர்' ஆனது இப்படித்தான். 'இன்டென்ஸ் டிரெய்னிங்' என்றும் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் அங்கே பேச்சு பயிற்சி முறையைப் பற்றியதல்ல, அது ஆளைப் பிழிந்தெடுப்பதைப் பற்றியது.

படி 5: மனிதர்மேல் போடும்போது கவனம்

ஒருவரை 'இன்டென்ஸ்' என்றால் அது முழுப் பாராட்டு இல்லை. எதையும் ஆழமாக எடுத்துக்கொள்பவர், கூட இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும் என்கிற சாடையும் அதில் உண்டு. பரிந்துரைக் கடிதத்தில் போடாதீர்கள்.

படி 6: சோதித்துக்கொள்ளுங்கள்

கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், பத்தே நாளில் மொழி கற்பிக்கும் வகுப்பு, வைத்த கண் வாங்காத பார்வை. இந்த மூன்றில் நடுவில் உள்ளதற்கு மட்டும் நீங்கள் 'இன்டென்சிவ்' போட்டிருந்தால், ரப்பர் பேண்டைக் கழற்றிவிடலாம்.