பிள்ளைக்குப் பாட்டு, பெற்றவருக்குத் தலைவலி: வீட்டு இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரே பாட்டு காலையிலிருந்து இரவு வரை ஓடும். பிள்ளை துள்ளிக்கொண்டிருக்கும், பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். "குழந்தைப் பாட்டுன்னா அப்படித்தான், கொஞ்ச வருஷம் பொறுத்துக்கோ" என்று யாராவது ஆறுதலும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பொறுமைதான் முதல் தவறு. நமக்குக் காது கூசும் பாட்டை நாம் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்க மாட்டோம். போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம். சேர்ந்து பாடுவது, தொடையில் தாளம் போடுவது, சொல்லை மாற்றிப் போட்டுச் சிரிப்பது எல்லாம் அதோடு போயிற்று. சின்ன வயதில் பாட்டின் ருசியே அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

குழந்தைப் பாட்டு குழந்தைக்கு மட்டும் என்று நினைப்பது

நம் ஊரில் இப்படி ஒரு பிரிவினை முன்பு கிடையாது. தாலாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும் பாட்டில் அண்ணன் கொண்டுவந்த சீர் வரும், மாமியார் வீட்டுக் கதை வரும், கணவன் மேலுள்ள வருத்தம் வரும். யார் அடித்து அழுகிறாய் என்று கேட்டுப் போகும் தாலாட்டில், மாமன் அடித்தால் மல்லிகைப்பூச் செண்டால். அத்தை அடித்தால் அரளிப்பூச் செண்டால். அரளி விஷச்செடி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாடுகிறவள் தன் கூடப்பிறந்தவனுக்கு மல்லிகையையும் நாத்தனாருக்கு அரளியையும் கொடுத்தது வெறும் மோனைக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. தூளிக்குள் கிடப்பதற்கு ராகம், ஆட்டிவிடுகிறவளுக்கு மன ஆறுதல். ஒரே பாட்டில் இருவருக்கும் பங்கு இருந்தது.

சினிமாவும் இதை அறிந்திருந்தது. 1965-ல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில், எம்.எஸ்.வி. இசையில் எம்.எஸ். ராஜேஸ்வரி மழலைக் குரலில் பாடிய கோழிப் பாட்டு நினைவிருக்கும். கோழி ஒரு கூட்டில், சேவல் ஒரு கூட்டில். பிள்ளைக்கு அது கோழிக் கதை. பெரியவருக்கோ, பிரிந்து வாழும் அப்பா அம்மாவின் கதை. இரண்டு தலைமுறையும் ஒரே நேரத்தில் கேட்கலாம், ஆளுக்கொன்று கிடைக்கும். 1990-ல் 'அஞ்சலி'க்கு இசையமைத்த இளையராஜா, தன் பிள்ளைகள் உட்பட ஒரு சிறுவர் பட்டாளத்தையே பாட வைத்தார். குழந்தைகள் பாடுவதுதானே என்று வாத்தியங்களிலோ பின்னணிக் கோர்வையிலோ அவர் எதையும் குறைக்கவில்லை. இன்றும் நாற்பது தாண்டியவர்கள் அந்தப் பாட்டுகளைத் தாங்களாகவே தேடிக் கேட்கிறார்கள்.

ஆகவே பிள்ளைக்குப் பாட்டுத் தேடும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சொல்லை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் கேளுங்கள். ஒரு நிஜத் தபேலாவோ புல்லாங்குழலோ கிடாரோ காதில் விழுகிறதா, இல்லை கீபோர்டில் ஏற்கெனவே பதிந்து வைத்த ஒரே தாளம் தொடக்கம் முதல் கடைசிவரை டிங் டிங் என்று ஓடுகிறதா? இரண்டாவது ரகம்தான் மூன்றாம் நாளே தலைவலி கொடுக்கும். இன்னொன்று, குரல். மழலையாக நடித்துக் கீச்சிடும் பெரியவர் குரலைவிட, இயல்பாகப் பாடும் பெரியவர் குரலோ, நிஜமாகவே கொஞ்சம் சுருதி விலகிப் பாடும் பிள்ளைக் குரலோ நெடுநாள் தாங்கும்.

அதற்காக நம் பாட்டையே போட்டுவிடுவது

எதிர்ப்பக்கத் தவறு இது. நமக்குப் பிடித்ததைப் பிள்ளையும் கேட்கட்டும் என்று குத்துப் பாட்டைப் போட்டுவிடுவது. தாளம் பிள்ளைக்குப் பிடிக்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை. சொல்தான் சிக்கல். காதுகுத்து வீட்டில் நாலு வயதுப் பெண் இரட்டை அர்த்தப் பாட்டுக்கு இடுப்பை ஆட்ட, சுற்றி நின்று பெரியவர்கள் கைதட்டி வீடியோ எடுப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அந்தக் கைதட்டலைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. தாளம்தான் வேண்டுமென்றால் பறையும் நையாண்டி மேளமும் இருக்கின்றன. வார்த்தையே இல்லாமல் ஆட வைக்கும்.

மூளை வளரும் என்று பாட்டுப் போடுவது

"மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்" என்பது இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. இந்தக் கதை பிறந்தது 1993-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையிலிருந்து. அதில் பங்கெடுத்தவர்கள் கைக்குழந்தைகள் அல்ல, கல்லூரி மாணவர்கள். அதுவும் 36 பேர்தான். மொசார்ட் என்ற ஐரோப்பிய இசைமேதை இரண்டு பியானோக்களுக்கு எழுதிய சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு, வடிவங்களை மனத்தில் மடித்துத் திருப்பிப் பார்க்கும் வகைக் கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது.

இதில் நேரும் கேடு என்னவென்றால், மருந்து புகட்டுகிற முகத்தோடு பாட்டுப் போடுவோம். நமக்கும் அதில் ருசி இருக்காது, பிள்ளைக்கும் இருக்காது. மொசார்ட் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள். பிடிக்காவிட்டால் பிள்ளைக்கு எந்த நஷ்டமும் இல்லை.

திரையை ஓடவிட்டு நகர்ந்துவிடுவது

பாட்டுக் கேட்பதற்கும் பாட்டு வீடியோ பார்ப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். திரை இருந்தால் பிள்ளை அசையாமல் வெறிக்கும். சத்தம் மட்டும் வந்தால் எழுந்து ஆடும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. போனைக் கவிழ்த்து வைத்து ஸ்பீக்கரில் போடுவது எளிய வழி. தானாக அடுத்த வீடியோவுக்குத் தாவும் வசதியை அணைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பாட்டை நீங்களே பட்டியலாகச் சேர்த்து வையுங்கள். அதில் பாதி உங்களுக்கும் பிடித்ததாக இருக்கட்டும்.

ஹெட்ஃபோன் விஷயமும் இங்கேயே. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக வைத்தால் பெரியவருக்கு 80 டெசிபல், பிள்ளைக்கு 75 டெசிபல் என்பது அதே நிறுவனம் வகுத்த வரம்பு. 3 டெசிபல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். ரயிலில் ஹெட்ஃபோன் மாட்டினால் வெளிச் சத்தத்தை அமுக்கத் தானாகவே ஒலியைக் கூட்டுவோம், அங்கேதான் கவனம் வேண்டும்.

நம் சுருதியில் பிள்ளையைப் பாடச் சொல்வது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் "என் பையனுக்குப் பாட்டே வராது" என்று பெற்றவர்கள் முடிவுகட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்பா சாதாரணமாக ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) தொடங்குவார். பிள்ளையின் குரல் இருப்பது ஐந்து கட்டைப் பக்கம். அப்பா தொடங்கிய இடத்தில் பிள்ளை பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல வரும், இல்லாவிட்டால் பாட்டைப் பேச்சாக ஒப்பிக்கும். அப்புறம் சரணத்தில் மெட்டு மேலே போகும். அப்போது ஒரே கத்தல். பையன் மேல் தப்பே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. மூன்று நான்கு வயதில் சிரமமில்லாமல் எட்டக்கூடியது ஐந்தாறு ஸ்வரங்கள்தான். நம் சினிமாப் பாட்டுகள் பலவும் ஒரு ஸ்தாயியை, அதாவது ச-விலிருந்து மேல் ச வரையிலான தூரத்தை, தாண்டி மேலும் கீழும் போகும். கேட்க நன்றாயிருக்கும், பிள்ளை வாய்க்கு அடங்காது. பல்லவியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், சரணத்தை நீங்கள் பாடுங்கள். போனில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கி, ஐந்து கட்டையில் ஓடவிட்டு, பிள்ளையை முதலில் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். அப்பாக்கள் ஒரு ஸ்தாயி இறங்கிச் சேர்ந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சரக்கு ஒன்று இருக்கிறது: கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். மெட்ராஸை ஒட்டிய மணலியில் தீட்சிதர் குடும்பம் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளை அவர் கேட்டார் என்பார்கள். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சொல் அமைத்தார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரண ராகத்தில். அவற்றில் 'ஸ்யாமளே மீனாக்ஷி' என்பதன் மெட்டு, எல்கேஜி பிள்ளை எல்லாம் பாடும் அந்த ஆங்கில நட்சத்திரப் பாட்டின் மெட்டேதான். அசலில் அது பிரெஞ்சு மெட்டு. மேலே சொன்ன மொசார்ட்டும் அதே மெட்டை வைத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். பிள்ளை பள்ளியில் கற்ற சொல்லோடு ஒருமுறை பாடட்டும். அதே மெட்டை 'ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச' என்று நீங்கள் ஸ்வரமாகப் பாடுங்கள். 'ச'வில் தொடங்கி 'த'வோடு நின்றுவிடுகிறது, மேல் ஸ்தாயிக்கே போகவில்லை. பிள்ளைக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மூன்றாவதாக தீட்சிதரின் சாகித்தியம், அதாவது அவர் அமைத்த சொல். அப்புறம் மொசார்ட்டின் பன்னிரண்டையும் போட்டுவிட்டு, மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று இருவரும் தேடலாம். வேகமாக ஓடும் இடங்களில் பெரியவர்களே தவறவிடுவார்கள். பிள்ளை சட்டென்று கைநீட்டும்.

அலுப்பைப் பிள்ளை மேல் காட்டுவது

"திரும்பவும் அதேவா? வேறே கேளேன்!" இதைச் சொல்லாத பெற்றவர் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் பிள்ளை கற்கும் வழி. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அது சரியாக வந்து விழும்போது வரும் குஷி தனி. கொரியாவிலிருந்து வந்த சுறாக்குட்டிப் பாட்டு 2022 ஜனவரியில் யூடியூபில் ஆயிரம் கோடி பார்வைகளைத் தொட்ட முதல் வீடியோ ஆனதே, அதை ஒரே ஒரு முறை போட்டு நிறுத்திய வீடு எதுவும் இருக்காது.

பாட்டை மாற்ற வேண்டாம், பாட்டுக்குள் மாற்றுங்கள். மெதுவாக ஒருமுறை, முணுமுணுப்பாக ஒருமுறை, கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைக்கு விட்டு ஒருமுறை. சொல்லைக் கட்டிவிடுவதும் பெரிய வித்தையொன்றும் இல்லை:

இட்லி ரெண்டு வெந்தாச்சு,
சட்னி கூட வந்தாச்சு,
பாப்பா வாயைக் காணோமே,
பூனை தூக்கிப் போயாச்சா?

எந்த மெட்டிலும் உட்காரும். 'பாப்பா' இருக்கும் இடத்தில் பிள்ளையின் பெயர், இட்லிக்குப் பதில் அன்றைய சாப்பாடு. சொந்தமாகக் கட்ட வரவில்லை என்றால் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல் தொகுப்பு ஏதாவது ஒன்றை வாங்கி வையுங்கள். அவர் அடிகளில் சந்தம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். வாசித்தாலே தாளம் வந்துவிடும், மெட்டை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். காரில் நெடுந்தூரம் போகும்போது முறை வைத்துக்கொள்வதும் நல்லது: பிள்ளைக்கு ஒரு பாட்டு, அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அடுத்தவர் முறையில் முகம் சுளிக்கக் கூடாது என்ற விதி பெரியவர்களுக்கும் பொருந்தும்.

விருந்தாளி முன்னால் பாடச் சொல்வது

"மாமாவுக்குப் பாடிக் காட்டும்மா." பிள்ளை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போகும், கடைசியில் அழும். அன்றோடு அந்தப் பாட்டு பரீட்சையாகிவிடும், தனியாக இருக்கும்போதுகூடப் பாட மறுக்கும். மாமாவுக்குப் பாட்டு வேண்டுமென்றால் நீங்கள் பாடுங்கள். பாதியில் சொல்லைத் தப்பாகப் பாடினால் இன்னும் நல்லது. திருத்துவதற்காகவே பிள்ளை வெளியே வரும்.

"எனக்குப் பாட வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்கும் இதுவே பதில். உங்கள் பிள்ளை சபா விமர்சகர் அல்ல. சில பிள்ளைகள் மட்டும் "நீங்க பாடாதீங்கப்பா" என்று வாயைப் பொத்தும். அதற்குக் குரலில் குறை என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. அந்தப் பாட்டு தனக்கே சொந்தம் என்று நினைக்கிற வயது அது. சரி என்று நிறுத்திவிட்டு, பாத்திரம் தேய்க்கும்போது வேறொரு பாட்டை எடுத்துவிடுங்கள். தடை பெரும்பாலும் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும்தான் இருக்கும்.