ஸ்கீ பூட்ஸுடன் ஸ்னோபோர்டு கார்விங்: ஊரிலேயே முடிக்க வேண்டிய பொருத்தங்கள்

ஸ்கீ பூட்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர், ஸ்னோபோர்டில் கார்விங் (பலகையைச் சாய்த்து, அதன் விளிம்பால் பனியைக் கீறியபடி வளைந்து செல்வது) பழகுவதற்கென்று தனி ஹார்டு பூட்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக் ஸ்னோபோர்டு பூட்ஸ்) உடனே வாங்க வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ காஷ்மீரின் குல்மார்க்குக்குப் புறப்படுபவர், பலகை, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், பூட்ஸ் மூன்றையும் வீட்டுக் கூடத்தில் வைத்தே பொருத்திவிடலாம். பனியில் விரல்கள் விறைத்திருக்கும்போது திருகாணி முடுக்குவது பெரும்பாடு.

முதலில் பூட்ஸின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் கம்பி வளையத்தால் கவ்வும் தகட்டு பைண்டிங்குக்கு, ஐஎஸ்ஓ 5355 தரத்திலான தட்டை அடிப்பாகமே ஏற்றது. வளைந்த ரப்பர் அடியுள்ள கிரிப்வாக், டூரிங் வகைகள் அதில் உறுதியாக அமர்வதில்லை. குதிகாலில் தனி ஊசியமைப்பு கேட்கும் இன்டெக் பைண்டிங்கும் சாதாரண ஸ்கீ பூட்ஸுக்கு ஒத்துவராது. வளையம் கவ்வும் விளிம்புகள் தேய்ந்தால் பிடிப்பு போய்விடும் என்பதால், பூட்ஸை மாட்டிக்கொண்டு சிமென்ட் தரையில் நடை பழக வேண்டாம். பைண்டிங்கின் முன் நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம் சரி. விரல் நுனியிலேயே மூடிக்கொண்டால் வளையத்தை இன்னும் முடுக்க வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது கோணம். ஒரே பாத அளவுக்கு, ஸ்கீ பூட்ஸின் அடிப்பாகம் ஸ்னோபோர்டு ஹார்டு பூட்ஸினதைவிட நீளமானது. அதனால் நுனியோ குதிகாலோ பலகைக்கு வெளியே நீண்டிருந்து, பலகையைச் சாய்த்ததும் பனியில் உரசி, விளிம்பையே தூக்கிவிடும். பலகைக்கு நேர் குறுக்காக நிற்பதை 0 டிகிரி என்று கொண்டால், 300 மி.மீ. அடிப்பாகம் 50 டிகிரியில் குறுக்குவாட்டில் சுமார் 193 மி.மீ. இடம் பிடிக்கும், 60 டிகிரியில் 150 மி.மீ. போதும். பூட்ஸின் அகலத்துக்கு இதற்கு மேலும் சற்று இடம் தேவை. ஆகவே 18 முதல் 21 செ.மீ. வரை இடையகலமுள்ள (நடுவே குறுகிய இடத்தின் அகலம்) கார்விங் பலகையில் 55 டிகிரிக்கு மேலேயே தொடங்குங்கள். பின்காலுக்கு முன்காலைவிடச் சில டிகிரி குறைவாக வைக்கலாம். பலகையின் ஓரத்தில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, பூட்ஸ் அதைத் தாண்டுகிறதா என்று நான்கு முனைகளிலும் பாருங்கள்.

ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை விறைப்பாகப் பூட்டிவிடுகிறது. பலகையில் நிற்பவருக்கோ அங்கே கொஞ்சம் அசைவு வேண்டும். மேல் பக்கிள்களையும் பட்டையையும் தளர்த்திவிட்டு, முன்பாத நுனிக்கும் பின்பாதக் குதிகாலுக்கும் கீழே உயரத் துண்டு வைத்தால் முழங்கால் இயல்பாக மடங்கும். நம் சித்திரை வெயிலில் இளகி நிற்கும் பிளாஸ்டிக், உறைகுளிரில் கெட்டிப்படும் என்பதால், வீட்டில் சரியாகத் தோன்றுவதைவிட ஒரு படி தளர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். 130 போன்ற உயர்ந்த விறைப்பு எண் (ஃப்ளெக்ஸ்) உள்ள பந்தய பூட்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்கீ பைண்டிங், நாம் விழும்போது காலை விடுவிக்கும். தகட்டு பைண்டிங் விடுவிக்காது. இரு கால்களும் பலகையோடு பிணைந்தே இருக்கும் என்பதால், முதல் சரிவு கூட்டமற்றதாகவும் சாய்வு குறைந்ததாகவும் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் பூட்ஸின் உள்ளுறையான லைனரைக் கழற்றி நிழலில் உலர்த்தி, கம்பி வளையங்களுக்கு எண்ணெய் தடவி வையுங்கள். ஐப்பசி அடைமழையின் ஈரத்துக்குப் பூஞ்சையும் துருவும் விரைவில் வந்துவிடும்.