ஒரு வெனிலா காய், மூணு தடவை: பாயசம், சர்க்கரை, ரம்

வெனிலா விளையுற ரீயூனியன் தீவுல இருந்துக்கிட்டு பாயசத்துக்கு எசன்ஸ் பாட்டில் வாங்குறது நியாயமாங்க? காய் விலை ஜாஸ்திதான், அதான் ஒண்ணையே மூணு தடவை யூஸ் பண்ற வழிய சொல்றேன்.

காய் கறுப்பா, எண்ணெய் பளபளப்போட, விரல்ல சுத்தினா ஒடியாம வளையணும். மேல வெள்ளையா ஊசி ஊசியா மின்னுச்சுன்னா பயப்படாதீங்க, அது வெனிலாவுக்கு வாசனை தர்ற வெனிலின்ங்கற பொருளோட படிகம், இங்க ஜீவ்ர்னு சொல்வாங்க, நல்ல சரக்கு. பஞ்சு மாதிரி படர்ந்து ஈரவாடை அடிச்சா பூசணம், தொடாதீங்க.

விலை ஏன்னா, பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள கையாலயே மகரந்தம் சேர்க்கணும், அந்த சுலபமான வழிய 1841ல இங்க சேன்த்-சூசான்ங்கற ஊர்ல அடிமையா இருந்த எட்மோன் அல்பியுஸ்ங்கற 12 வயசு பையன்தான் கண்டுபிடிச்சான், ஒரு குச்சியும் கட்டைவிரலும் போதும். பச்சைக்காய்ல வாசனையே இருக்காது, வெந்நீர்ல முக்கி, கம்பளில சுத்தி வேர்க்க வச்சு, வெயில்ல காயப்போட்டு, பெட்டில மாசக்கணக்கா வச்சாதான் மணக்கும்.

இப்ப பாயசம். காயை நீளவாக்குல கீறி, கத்தியோட முதுகால விதைய வழிச்சு எடுங்க, கறுப்பு மை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். அதையும் தோலையும் 1 லிட்டர் பால்ல போட்டு, கொதி வர்றதுக்கு முன்னாடி இறக்கி, மூடி 20 நிமிஷம் விடுங்க. தோலை எடுத்துட்டு, பாலை கொதிக்க வச்சு, நெய்யில வறுத்த 100 கிராம் சேமியா போட்டு, வெந்ததும் சர்க்கரை. அன்னைக்கு ஏலக்காய் வேணாம், ரெண்டும் சண்டை போடும். வாத்துக்கறிலயே வெனிலா போடுற ஊரு இது, பாயசத்துக்கு என்ன தயக்கம்!

தோலை குப்பைல போட்டுடாதீங்க, இன்னும் மணம் இருக்கு. கழுவி, ஈரம் துளியும் இல்லாம காயவச்சு கால் கிலோ சர்க்கரைல புதைச்சு, ரெண்டு வாரம் மூடி வைங்க, டீக்கு அருமை. சர்க்கரை தீர்ந்ததும் அதே தோல் வெள்ளை ரம் பாட்டிலுக்குள்ள போகும், ரம் அரான்ஜே (பழம், மசாலா ஊறவச்ச ரம்) போடுறவங்க வீட்டுல இதுக்கு தனி மரியாதை, மூணு மாசமாவது ஊறணும்.

மெக்சிகோல அந்தக்காலத்துலயே வெனிலாவ கொக்கோ பானத்துல கலந்து குடிச்சாங்க, ஐரோப்பால வயித்துக்கு, நரம்புக்குன்னு மருந்தாவும் குடுத்தாங்க. மருந்துங்கறத நான் நம்பல, வாசனைக்காக மட்டும் போடுங்க.

மிச்சக் காய் இருந்தா ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, காஞ்சு போகும். கண்ணாடி குழாய்ல, இருட்டுல.