பெற்றோர் சங்கம் யார் பக்கமும் சாயாமல் நடத்துவது எப்படி?

ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் நன்கொடையாக வந்தது. கொடுத்தவர் அரசியல் கட்சி ஒன்றில் பொறுப்பில் இருந்தார். "நிபந்தனை எதுவும் இல்லை, பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்தால் போதும்" என்றார். நம்பி வாங்கிக்கொண்டோம். திறப்பு நாளன்று காலையில் போய்ப் பார்த்தால், இயந்திரத்தின் முன்பக்கத்தில், சரியாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில், அவர் முகமும் கட்சிச் சின்னமும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன். முகம் போனது, மோவாயும் சட்டைக் காலரும் போகவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த சிறுமி ஒருத்தி "இது யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் நின்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு, வழக்கமாக நாற்பது பேர் வரும் இடத்தில் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். மூன்று ஆண்டுகளாக எங்கள் வரவு செலவை எழுதிவந்த ஒரு தாய், கணக்கு நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரர் வேற கட்சி. அந்த இயந்திரத்தைத் தாண்டிக் கூட்டத்துக்கு வர எனக்கு மனசு வரலை அக்கா" என்றார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. கட்சி உள்ளே வந்தால் பெற்றோரில் பாதிப்பேர் சண்டை போட மாட்டார்கள், பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றையும், முதலிலேயே செய்திருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, விதியை அமைதியான காலத்தில் எழுதுவது. தேர்தல் அறிவித்த பிறகு எழுதினால், எந்த விதியும் யாரோ ஒருவருக்கு எதிரானதாகவே தெரியும். நாங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது இவ்வளவுதான்: "இச்சங்கம் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிக்காது, எதிர்க்காது. சங்கத்தின் பெயர், பணம், மேடை, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி இல்லை. பொறுப்பாளர் ஒருவர் தேர்தலில் நின்றால், மனு கொடுக்கும் நாளிலேயே பொறுப்பிலிருந்து விலக வேண்டும்." பொதுக்கூட்டத்தில் வாசித்து, கை தூக்கவைத்து, எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிற்பாடு ஒருவருக்கு மறுப்புச் சொல்லும்போது "நான் சொல்லவில்லை ஐயா, சங்கம் முடிவு செய்திருக்கிறது" என்று சொல்ல முடிய வேண்டும். தனி ஆளாக மறுப்பவரை எளிதில் மிரட்டிவிடலாம்.

பெற்றோர் கட்சியில் இருக்கக் கூடாது என்று எழுதிவிடாதீர்கள். அது தவறு, நடக்கவும் நடக்காது. எங்கள் பொருளாளர் ஒரு கட்சியின் உறுப்பினர், அது எல்லோருக்கும் தெரியும். அவர் கட்சிக்காரர் யாராவது சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால், "இதில் எனக்குத் தொடர்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாக்களிக்காமல் எழுந்து வெளியே போய்விடுவார். அதையும் புத்தகத்தில் எழுதுவோம். அவரைப்போல நேர்மையான பொருளாளரை நான் பார்த்ததில்லை.

நன்கொடைக்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே: இதே பொருளை, இதே விதத்தில், எதிர்க்கட்சிக்காரர் கொடுக்க வந்தால் வாங்குவோமா? தயக்கம் வந்தால் இவரிடமும் வாங்காதீர்கள். வாங்குவதாக இருந்தால் பொருள் வருமுன் கடிதம் போக வேண்டும்: பெயர், படம், சின்னம், கொடி எதுவும் பொருளின் மேல் இருக்காது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க மாட்டோம், ரசீது தருவோம், ஆண்டறிக்கையில் எல்லா நன்கொடையாளர்களோடும் ஒரே எழுத்தளவில் பெயர் வரும். இதற்கு ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதவர்கள் எதற்காகக் கொடுக்க வந்தார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். பயிற்சி நிறுவனங்களுக்கும் புத்தக விற்பனையாளர்களுக்கும் இதே கடிதம்தான்.

பலரும் கவனிக்காத இடம் தொலைபேசிப் பட்டியல். ஒரு பள்ளியின் பெற்றோர் எண்கள் மொத்தமாக, குழந்தையின் வகுப்போடு, தெருவோடு கிடைத்தால், பிரசாரம் செய்பவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. அவர் நம்மிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினராக இருந்தாலே எல்லா எண்களும் கண்ணுக்குத் தெரியும். அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றினாலும் சாதாரணக் குழுவில் எண்கள் மறையாது. அதனால் அறிவிப்புக்கு, உறுப்பினர்களின் எண்களை ஒருவருக்கொருவர் காட்டாத வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி' அறிவிப்புக் குழுவை வைத்து, அதில் அட்மின்கள் மட்டும் எழுதட்டும். பேசுவதற்கு வகுப்புவாரியாகச் சிறு குழுக்கள் போதும். அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும், அவர்கள் ஒரே வட்டத்து நண்பர்களாக இருக்கக் கூடாது. கட்சிச் செய்தி வந்தால் யாருடையது என்று பார்க்காமல் நீக்கிவிட்டு, அனுப்பியவருக்குத் தனியாக எழுதுங்கள். எல்லோர் முன்னும் கண்டித்தால் அவர் பக்கம் பத்துப் பேர் சேர்வார்கள், அன்றைய இரவு முழுவதும் அந்தச் சண்டைதான் ஓடும். நீக்குவதில் பாரபட்சம் மட்டும் கூடவே கூடாது. நமக்குப் பிடித்த தலைவரின் பிறந்தநாள் வாழ்த்தை ஒருமுறை விட்டுவைத்தால், அடுத்த நாள் மற்றவரின் வாழ்த்தை நீக்க நமக்கு வாயில்லை.

விழா மேடைக்குச் சிறப்பு விருந்தினராக அரசியல்வாதிகளை அழைக்காமல் இருப்பதே நல்லது. பதவியில் இருப்பவரை முறைப்படி அழைத்தே ஆக வேண்டிய நிகழ்ச்சி வந்தால், பதவிக்காக அழையுங்கள், பேச்சின் நேரத்தையும் பொருளையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். தேர்தல் அறிவித்தபின் யாரும் வேண்டாம்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். நடுநிலை என்றால் வாய்மூடி இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தந்தை எழுந்து பேசினார். உடனே மேடையில் இருந்த ஒருவர் "இங்கே அரசியல் வேண்டாம்" என்று உட்காரவைத்தார். தண்ணீர் கேட்பது அரசியல் இல்லை. அந்த வாக்கியம் பெரும்பாலும் கேள்வி கேட்பவரை அடக்கத்தான் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1897-ல் அன்னையர் மாநாடாகத் தொடங்கி, இன்று தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக இருக்கும் அமைப்பு, கட்சி, மதம், வணிகம் ஆகிய மூன்றையும் சாராமல் இருப்பதை விதியாகவே வைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான சட்டங்களுக்காகக் குரல் கொடுத்ததும் அதே அமைப்புதான். கோரிக்கை வேறு, கட்சி வேறு.

நாங்கள் ஒரு தேர்தலின்போது ஐந்து கேள்விகளை எழுதி, எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடிதமாக அனுப்பினோம். ஆசிரியர் காலியிடம், சுற்றுச்சுவர், சாலையைக் கடக்கும் இடம் என்று எங்கள் பிள்ளைகளைப் பற்றியவை மட்டும். வந்த பதில்களை அகர வரிசையில், ஒரு சொல்லும் வெட்டாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் வரவில்லை" என்று மட்டும் எழுதினோம். மதிப்பெண் போடவில்லை, கருத்தும் எழுதவில்லை.

சுதந்திரம் என்பது பள்ளி நிர்வாகத்திடமிருந்தும்தான். நிகழ்ச்சி நிரலைத் தலைமையாசிரியர் தயாரித்துத் தந்தால் அது பெற்றோர் கூட்டம் ஆகாது. அவரை மரியாதையோடு அழையுங்கள், பேசவையுங்கள். கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம் பெற்றோர் மட்டும் இருக்கட்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு தவணைக்கு மேல் பதவியில் இருந்தால், அவரைப் பிடித்தால் சங்கத்தையே பிடித்துவிடலாம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டியவரிடம் கடைசியில் நானும் பொருளாளரும் நேரில் போனோம். அவர் கட்சிக்காரரே வந்து கேட்டதால் அவரால் கோபப்பட முடியவில்லை. மறுவாரம் ஆள் அனுப்பி மிச்சத்தையும் சுரண்டி எடுத்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்த தாயின் வீட்டுக்கு நான் மூன்று முறை போனேன். புதிய விதி எழுதியிருந்த பக்கத்தை மூன்றாவது முறை எடுத்துப்போய்க் காட்டினேன். படித்துப் பார்த்தார். கணவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு கணக்கு நோட்டை வாங்கி, விட்டுப்போன நான்கு மாத வரவு செலவையும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.