மரத்துக்கு விழா எடுக்கிறீர்களா? ஆணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

ஊரின் மூத்த மரத்துக்கு விழா எடுத்து, அதைக் காப்பாற்றியவரை மேடையேற்றுவது ரொம்ப நல்ல காரியம். ஆனால் அந்த மரியாதையே மரத்துக்குக் காயமாகிவிடக் கூடாது.

எங்கள் ஊர் ஏரிக்கரை இலுப்பைக்கு நாங்கள் பெயர்ப்பலகையை ஆணி அடித்துத்தான் மாட்டினோம். மறுவருடம் போய்ப் பார்த்தால், ஆணியைச் சுற்றிப் பட்டை உப்பி, கறுப்பாக நீர் கசிந்து காய்ந்திருந்தது. இலையில் தயாராகும் உணவு பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆணி அங்கே துளை போட, பூஞ்சை உள்ளே நுழைகிறது. கம்பியால் கட்டுவது இன்னும் மோசம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே புதைந்து, உணவு இறங்கும் வழியைச் சுற்றிலும் அறுத்துவிடும். பலகையைக் கொஞ்சம் தள்ளி, பெரிய வேர் இல்லாத இடமாகப் பார்த்துக் கல்லில் நடுங்கள்.

அப்புறம் அந்த சிமென்ட் மேடை. தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் படர்ந்திருக்கும். அவற்றுக்குக் காற்றும் வேண்டும். அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டிப் பூசினால் வேர் மூச்சுத் திணறும், பட்டை அழுகும். உட்கார இடம் வேண்டுமென்றால் இரண்டு கல்பெஞ்சு போதும். உதிர்ந்த சருகையும் கூட்டித் தள்ளாமல் விடுங்கள்.

'ஆயிரம் ஆண்டு மரம்' என்று பலகையில் எழுதும் ஆசையையும் அடக்க வேண்டும். பருமனை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. சுற்றளவை மட்டும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளந்து, தேதியோடு எழுதுங்கள். ஆலமரத்துக்கு இதுவும் போதாது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றி மரம் இன்றும் நிற்கிறது. ஆலுக்கு நிழல் பரப்பையும் சேர்த்து அளப்பதே நியாயம். பனைக்கோ வயது ஏற ஏற அடிமரம் பருக்காது. பருமனுக்குத்தான் பரிசு என்றால் நம் மாநில மரம் ஒருநாளும் ஜெயிக்காது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டவருக்கே சால்வை போவது. கர்நாடகத்தில் சாலையோரம் ஆலங்கன்றுகள் வைத்த சாலுமரத திம்மக்காவுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் கணவரும் நட்டதோடு நிற்கவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள், ஆடுமாடு கடிக்காமல் முள் கட்டினார்கள். உங்கள் ஊரிலும் அப்படித் தண்ணீர் ஊற்றியவர் யார், கிளை வெட்ட வந்தவர்களிடம் சண்டை போட்டவர் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அவர் விழாக் குழுவில் இருக்க மாட்டார்.

விழாவோடு விட்டுவிடாமல் கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். மரத்தின் பெயர், சர்வே எண், சுற்றளவு எல்லாம் அதில் இருக்கட்டும். நாளை சாலை அகலப்படுத்த வந்தால், கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் நீட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

இலுப்பையடியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா கோடையெல்லாம் பாத்திரம் அலசிய தண்ணீரை அதன் வேரில் ஊற்றியவர். சித்திரை வெயிலில் நாங்கள் போட்ட சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதுக்குப் பதிலா பக்கத்துல ஒரு குழாய் போட்டுக் குடுத்திருக்கலாமே?" அடுத்த மாதமே போட்டுக் கொடுத்தோம்.