பிளிட்ஸ்ல உங்க ஸ்டைல், பலம், ஓட்டை எல்லாத்தையும் உங்க கேம்ஸ்ல இருந்தே கண்டுபிடிக்கிறது எப்படி

ஆன்லைன்ல பிளிட்ஸ், அதாவது ஆளுக்கு சில நிமிஷம் மட்டும் இருக்கிற வேக செஸ், ஆடுறவங்ககிட்ட உங்க ஸ்டைல் என்னன்னு கேட்டா பாதிப்பேர் நான் அட்டாக்கிங் ப்ளேயர்னு தான் சொல்வாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஒரு நாள் உக்காந்து தோத்த கேம் 40 எடுத்து ஒவ்வொண்ணா பாத்தப்ப தான் விஷயமே புரிஞ்சுது, அதுல பாதிக்கு மேல நான் நல்ல பொசிஷன்ல இருந்துட்டு டைம் முடிஞ்சு தோத்த கேம். அட்டாக் நல்லா தான் வந்திருக்கு, ஆனா அந்த அட்டாக்கை யோசிக்கவே ரெண்டு நிமிஷத்தை கொடுத்துட்டு கடைசில 8 செகண்டை வச்சுக்கிட்டு ஒரு ரூக் எண்ட்கேமை (காய் குறைஞ்ச கடைசி கட்டம்) தள்ளிட்டு இருந்திருக்கேன். அன்னில இருந்து நான் ஸ்டைல்னு பாக்குறது ரெண்டு விஷயத்தை சேத்து தான், காய் எங்க போச்சு, டைம் எங்க போச்சு. இந்த ரெண்டையும் உங்க கேம்ஸ்ல எப்படி பாக்குறதுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல எந்த கேம்ஸை எடுக்கணும்ங்கிறது முக்கியம். ஒரே டைம் கண்ட்ரோல் மட்டும் எடுங்க, கலக்காதீங்க. 3+0ன்னா ஆளுக்கு 3 நிமிஷம் மட்டும், 3+2ன்னா ஒவ்வொரு மூவுக்கும் கூட 2 செகண்ட் சேரும், பாக்க கிட்டக்கிட்ட தெரியும், ஆனா ஆட்டமே வேற. 40 மூவ் போற கேம்னு வச்சுக்கோங்க, 3+0ல உங்ககிட்ட மொத்தம் 180 செகண்ட், ஒரு மூவுக்கு நாலரை செகண்ட். 3+2ல கூட 80 செகண்ட் சேருது, மூவுக்கு ஆறரை செகண்ட் வரும், அதோட கடைசில எப்பவுமே 2 செகண்ட் கையில இருக்கும்ங்கிறதால ஜெயிச்ச எண்ட்கேமை ஜெயிச்சே முடிக்கலாம். புல்லட் (3 நிமிஷத்துக்கும் கம்மியான) கேம்ஸை சுத்தமா ஒதுக்கிடுங்க. ரேட்டட் (ரேட்டிங் ஏறி இறங்குற) கேம்ஸ்ல கடைசி 50 எடுங்க, நல்லா ஆடின கேமா பாத்து பொறுக்காதீங்க, வரிசையா அப்படியே 50. அதுல தோத்தது 20, 25 வரும், நம்ம வேலை முக்கியமா அதுல தான். இன்னொண்ணு, லிசெஸ், செஸ்.காம் ரெண்டும் ஆன்லைன் செஸ் சைட், லிசெஸ் ரேட்டிங்கையும் செஸ்.காம் ரேட்டிங்கையும் பக்கத்துல வச்சு பாத்து குழம்பாதீங்க, ரெண்டும் வேற வேற கூட்டத்துக்குள்ள கணக்கு போடுற நம்பர், ஒண்ணை வச்சு இன்னொண்ணை அளக்க முடியாது.

இப்ப ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. என்ஜினை (மூவை அலசி சொல்ற செஸ் ப்ரோகிராம்) இன்னும் ஆன் பண்ணாதீங்க ப்ளீஸ், இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். ஸ்டாக்ஃபிஷ் மாதிரி என்ஜின் ஓட ஆரம்பிச்சதும் நம்ம மூளை வேலை செய்யுறதை நிறுத்திடும், அது காட்டுற அம்புக்குறியை பாத்து ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு அடுத்த கேமுக்கு போயிடுவோம். அதுக்கு பதிலா தோத்த கேமை முதல் மூவ்ல இருந்து நீங்களே ஒரு தடவை ஓட்டி பாத்து, இங்க என்ன நினைச்சு ஆடினேன், எந்த இடத்துல பயந்தேன், எந்த இடத்துல ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன், இதை மட்டும் ரெண்டு வரி எழுதுங்க. அப்புறம் தோத்ததுக்கு காரணமா ஒரே ஒரு வார்த்தை. டைம், ப்ளண்டர் (பெரிய தப்பு), ஓப்பனிங் (ஆரம்ப மூவ்ஸ்), எண்ட்கேம், இல்லன்னா சீக்கிரம் ரிசைன் பண்ணிட்டேன் (தோல்வியை ஒத்துக்கிட்டேன்). 20 கேமுக்கு எழுதி முடிக்கும்போது ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிக்கும், அது எதுன்னு பாருங்க.

அடுத்து கடிகாரம். லிசெஸ்ல கேம் முடிஞ்சப்புறம் அனாலிசிஸ் போர்டுக்கு போனா ஒவ்வொரு மூவுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீங்கன்னு ஒரு சார்ட் இருக்கும், நிறைய பேர் அதை திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. அதுல உயரமா நிக்கிற கோடுகளை மட்டும் பாருங்க. நிஜமாவே கஷ்டமான இடத்துல 20 செகண்ட் போயிருந்தா தப்பே இல்ல, ரெண்டு பக்கமும் காய் மாட்டிக்கிட்டு இருக்கும்போது யோசிக்கத்தான் வேணும். ஆனா திரும்ப வெட்டுறதுக்கு ஒரே வழி தான் இருக்கு, அதுக்கு 12 செகண்ட் எடுத்திருக்கீங்கன்னா அது கசிவு. ரெண்டு மூவும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ரூக்கை டி1ல வைக்கிறதா இ1ல வைக்கிறதான்னு 25 செகண்ட் போயிருந்தா அதுவும் கசிவு தான். நான் பாத்த வரைக்கும் டைம் ட்ரபிள்ல தோக்குறவங்க கடைசில மெதுவா ஆடி தோக்குறதில்ல, 10ல இருந்து 20வது மூவுக்குள்ள தேவையே இல்லாத இடத்துல நேரத்தை விட்டுட்டு வந்திருப்பாங்க. இதுக்கு நேர் எதிர் ஆளுங்களும் உண்டு, தோத்த கேம்ல பாத்தா கடிகாரத்துல இன்னும் ஒண்ணேமுக்கால் நிமிஷம் மிச்சம் இருக்கும், ராணியை விட்டுட்டு தோத்திருப்பாங்க. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான், மிச்சம் வச்ச டைமுக்கு பாயிண்ட் எதுவும் கிடையாது, செலவு பண்ணுங்க.

இதெல்லாம் எழுதினப்புறம் என்ஜினை ஆன் பண்ணுங்க. பிளிட்ஸ் கேமை பாக்கும்போது என்ஜின் சொல்ற எல்லா தப்பையும் எடுத்துக்கிட்டா பைத்தியமே பிடிச்சுடும். அரை சிப்பாய் அளவு குறைஞ்சுது, முக்கா சிப்பாய் அளவு குறைஞ்சுதுன்னு வர்றதையெல்லாம் விட்டுடுங்க, ஒரே மூவ்ல ரெண்டு சிப்பாய் அளவுக்கு மேல மதிப்பு ஆடுற இடங்களை மட்டும் நிறுத்தி பாருங்க. அங்கயும் ஒரு கேள்வி கேக்கணும், எதிராளி அதை தண்டிச்சாரா? தண்டிக்கலன்னா ஏன், அவருக்கும் தெரியலையா, இல்ல டைம் இல்லையா? உங்களுக்கு ப்ளஸ் 3ன்னு (மூணு சிப்பாய் அளவு முன்னாடி) என்ஜின் சொல்லும், ஆனா தொடர்ந்து அஞ்சு மூவ் ஒரே ஒரு சரியான மூவா கண்டுபிடிச்சா தான் அந்த ப்ளஸ் 3 நிக்கும்னா, 20 செகண்ட் கையில இருக்கிற மனுஷனுக்கு அது நல்ல பொசிஷனே கிடையாது. அதே மாதிரி அக்யூரசி பர்சன்டேஜை (உங்க மூவ்ஸ் எவ்வளவு சரின்னு சைட் போடுற மார்க்) பாத்து சந்தோஷமும் படாதீங்க வருத்தமும் படாதீங்க. எதிராளி 12வது மூவ்ல ராணியை விட்டா உங்க அக்யூரசி தானா மேல போயிடும்.

இப்ப ஸ்டைலுக்கு வருவோம். லிசெஸ்ல செஸ் இன்சைட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, இலவசம் தான். அதுல ராணியை மாத்திக்கிட்ட கேம்ஸ்ல உங்க ரிசல்ட் எப்படி, மாத்தாத கேம்ஸ்ல எப்படி, கிங் சைட் காஸ்லிங் பண்ணப்ப எப்படி, குயீன் சைட்ல எப்படி, ஓப்பனிங் மிடில்கேம் எண்ட்கேம் எதுல தப்பு அதிகம், எந்த காயை நகத்தும்போது தப்பு அதிகம்னு எல்லாம் பிரிச்சு பிரிச்சு பாக்கலாம். ராணி போனதுக்கப்புறம் நல்லா ஜெயிக்கிறீங்கன்னு வந்தா, நீங்க உங்களை அட்டாக்கர்னு நினைச்சுக்கிட்டாலும் உண்மைல உங்க பலம் எண்ட்கேம் பக்கம் இருக்கு. அப்படின்னா ராணி மாத்துற வாய்ப்பு வரும்போது ஓடாதீங்க, மாத்துங்க. எதிர் எதிர் பக்கம் காஸ்லிங் பண்ணின கேம்ஸ்ல அதிகம் ஜெயிச்சிருந்தா அப்ப தான் நீங்க நிஜமான அட்டாக்கர், சிப்பாய் எல்லாத்தையும் கண்ணை மூடிட்டு தள்ளுங்க. வெள்ளைக்கும் கறுப்புக்கும் ரிசல்ட்டை தனித்தனியா பாருங்க, நிறைய பேருக்கு வெள்ளைல எல்லாம் சரியா இருக்கும், கறுப்புல இ4க்கு எதிரா மட்டும் ஓட்டை இருக்கும், அந்த ஒரு ஓட்டையை அடைச்சாலே ரேட்டிங் ஏறும்.

பலம்னு ஒண்ணை எழுதுறதுக்கு முன்னாடி ஜெயிச்ச கேம்ஸையும் ஒரு பத்து பாருங்க. அதுல எதிராளி தானா விட்டது எத்தனை, நீங்க அழுத்தி அழுத்தி விட வச்சது எத்தனைன்னு பிரிங்க. ரெண்டாவது வகைல எப்பவும் ஒரே மாதிரி ஒண்ணு இருக்கும். குதிரை நல்ல கட்டத்துல போய் உக்காந்திருக்கும், இல்ல திறந்த ஃபைல்ல ரூக் முதல்ல வந்திருக்கும், இல்ல எதிராளி ராஜாவை நடுவுலயே மாட்ட வச்சிருப்பீங்க. அது தான் உங்க பலம், அந்த மாதிரி பொசிஷன் எந்த ஓப்பனிங்ல அடிக்கடி வருதோ அதை ஆடுங்க. ஃபேஷனுக்காக ஓப்பனிங் மாத்தாதீங்க.

சரி, சரி பண்றது எப்படி? ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு எடுங்க, நோட்டுல அதிகமா வந்த வார்த்தை எதுவோ அதுல இருந்து ஆரம்பிங்க.

ப்ளண்டர்னு வந்தவங்களுக்கு, எதிராளி மூவ் பண்ணதும் உங்க ப்ளானை ஒரு செகண்ட் மறந்துட்டு அந்த மூவ் எதை மிரட்டுதுன்னு பாருங்க, அந்த காய் கிளம்பின கட்டத்துக்கு பின்னாடி எந்த லைன் திறந்துச்சுன்னும் பாருங்க. நம்ம கண்ணு வந்து நின்ன கட்டத்தை மட்டும் பாக்கும், கிளம்பின கட்டத்தை பாக்காது, பிஷப்பும் ராணியும் அங்க தான் நம்மள அடிக்கும். அடுத்தது காவல் இல்லாத காய். போர்டுல என்னோட எந்த காய்க்கு காவல் இல்லன்னு அஞ்சாறு மூவுக்கு ஒரு தடவை பாத்தாலே ஃபோர்க்ல (ஒரே காய் ரெண்டு காயை ஒண்ணா மிரட்டுறது) மாட்டுறது பாதியா குறையும். பசில்ஸ் போடுறவங்க ஸ்பீடா போடுறது மட்டும் போதாது, பேட்டர்ன் கண்ணுல ஒட்டுறதுக்கு அது நல்லது தான், ஆனா கணக்கு போட்டு முடிவு வரைக்கும் பாக்குற பழக்கம் மெதுவா போடுற பசில்ல தான் வரும். தினமும் அஞ்சு போதும், முழு வரிசையும் மனசுல ஓடினப்புறம் தான் காயை தொடணும்.

ப்ரீமூவ், அதாவது எதிராளி ஆடுறதுக்கு முன்னாடியே நம்ம அடுத்த மூவை போட்டு வைக்கிறது, அதைப் பத்தி தனியா சொல்லணும். லிசெஸ்ல ப்ரீமூவுக்கு நேரமே கழியாது, செஸ்.காம்ல ஒவ்வொண்ணுக்கும் 0.1 செகண்ட் கழியும், எப்படி பாத்தாலும் கடைசி 10 செகண்ட்ல இது தான் உயிர். ஆனா ஓப்பனிங்ல பழக்கதோஷத்துல போடாதீங்க. வெள்ளை பி3 ஆடுறாரு, நீங்க ஜி6 ஆடிட்டு பிஷப் ஜி7க்கு ப்ரீமூவ் போட்டு வச்சிருக்கீங்க. அவரு பிஷப்பை பி2ல வச்சா உங்க பிஷப் தானா ஜி7க்கு போய் நிக்கும், அதுக்கு காவல் கிடையாது, அவரு வெட்டிடுவாரு, அப்படியே ஹெச்8 ரூக்கும் மாட்டிக்கும். மூணாவது மூவ்லயே கேம் முடிஞ்சது. ஒரே வழில தான் திரும்ப வெட்ட முடியும்ங்கிற இடம், எதிராளிக்கு செக் குடுக்க காயே இல்லாத இடம், இந்த மாதிரி இடத்துல மட்டும் ப்ரீமூவ் போடுங்க.

ஓப்பனிங்னு வந்தவங்க வீடியோ வீடியோவா பாக்க வேணாம். லிசெஸ் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்ல உங்க பேரை குடுத்தா நீங்க ஆடின கேம்ஸை மட்டும் வச்சு எந்த மூவுக்கு அப்புறம் எத்தனை தோத்தீங்கன்னு காட்டும். அதுல நீங்க அதிகம் தோத்த ஒரு கிளையை எடுத்து அதுக்கு மட்டும் பதில் படிங்க. உதாரணமா டூ நைட்ஸ்ங்கிற ஓப்பனிங்ல நீங்க கறுப்பு, வெள்ளை குதிரை ஜி5க்கு வந்து எஃப்7ஐ குறி வைக்கும், நீங்க டி5 தள்ளுவீங்க, சிப்பாயால வெட்டுவாரு, அங்க குதிரையால திரும்ப வெட்டினா அவரு எஃப்7ல குதிரையை குடுத்து உங்க ராஜாவை வெளில இழுத்துடுவாரு. அதுக்கு பதிலா சி6 குதிரையை ஏ5க்கு கொண்டு போய் அவர் பிஷப்பை தொந்தரவு பண்ணணும்னு தெரிஞ்சா போதும், ஒரு சிப்பாய் போனாலும் உங்க காய் எல்லாம் வேகமா வெளில வரும்.

எண்ட்கேம் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, பிளிட்ஸ்ல பாயிண்ட் கொட்டிக் கிடக்குறதும் அங்க தான். ராணியும் ராஜாவும் வச்சு தனி ராஜாவை மேட் பண்ண சரியா ஆடினா அதிகபட்சம் 10 மூவ், ரூக் வச்சு 16 மூவ். இதை 15 செகண்ட் கடிகாரம் வச்சு கை பழகுற வரைக்கும் பண்ணுங்க, ஸ்டேல்மேட் (செக் இல்லாம, ஆட மூவும் இல்லாம டிரா ஆகுறது) பண்ணாம. அப்புறம் ராஜாவும் ஒரு சிப்பாயும், உங்க ராஜா உங்க சிப்பாய்க்கு முன்னாடி ஆறாவது வரிசைக்கு போயிட்டா யார் மூவா இருந்தாலும் ஜெயிப்பு தான், ஓரத்து சிப்பாயா இருந்தா மட்டும் இந்த கணக்கு செல்லாது. இது தெரிஞ்சவங்க அங்க யோசிக்கவே மாட்டாங்க, தெரியாதவங்க அந்த இடத்துல தான் மிச்சம் இருக்கிற 9 செகண்டையும் விடுவாங்க. எதிராளிகிட்ட வெறும் ராஜா மட்டும் இருந்தா உங்க டைம் முடிஞ்சாலும் அது டிரா தான், அதனால தோக்குற கேம்லயும் எதிராளியோட கடைசி சிப்பாயை வெட்ட முடியுமான்னு பாருங்க, ரிசைன் பட்டனை தேடாதீங்க.

டைம்னு வந்தவங்க கொஞ்ச நாள் 3+2 இல்லன்னா 5+3க்கு மாறி ஆடிட்டு வாங்க. அங்க ஒரு கணக்கு வச்சுக்கோங்க, 15வது மூவ் வரும்போது ஆரம்பிச்ச டைம்ல பாதிக்கு மேல கையில இருக்கணும். இல்லன்னா அந்த கேம் முடிஞ்சதும் சார்ட்டை திறந்து எங்க போச்சுன்னு பாத்துட்டு தான் அடுத்த கேம்.

தொடர்ந்து ரெண்டு தோத்தா எந்திரிச்சிடுங்க. மூணாவது கேம் ஆடுறது நீங்க இல்ல, உங்க கோவம், அந்த கேம்ஸை வச்சு உங்க ஸ்டைலை கணக்கு போட்டாலும் கணக்கு தப்பா தான் வரும். நான் 50 கேம் எடுக்கும்போது கூட இப்படி ராத்திரி வரிசையா ஆடி தோத்ததை தனியா குறிச்சு வச்சுட்டு, மிச்சத்தை தான் முதல்ல பாப்பேன். ஒரு மாசம் கழிச்சு அதே டைம் கண்ட்ரோல்ல அடுத்த 50 எடுத்து அதே நோட்டுல எழுதி, பழைய வார்த்தை எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணுங்க, பாதியா குறைஞ்சிருந்தா அடுத்த வார்த்தைக்கு போங்க.